என் கணக்கைத்தான் வேலைக்கு எடுத்தார்கள்

எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது? திறந்து எத்தனை வருடம் ஆகிறது? சேமிப்புக் கணக்கா, கரண்ட் அக்கவுண்டா? யுபிஐயில் ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்ப முடியும்? இதற்கு முன்னால் கணக்கு எப்போதாவது முடங்கியிருக்கிறதா?

2024 அக்டோபரில் டெலிகிராமில் எனக்கு நடந்த இன்டர்வியூவில் கேட்ட கேள்விகள் இவ்வளவுதான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவள். டாலி தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தெரியும், பார்ட்டி லெட்ஜரில் எங்கே பத்து ரூபாய் இடிக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியும். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. இப்போது யாராவது "அக்கா, இந்த வேலை நிஜமா பொய்யா பார்த்துச் சொல்லுங்க" என்று வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உன்னைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டார்கள், உன் கணக்கைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டார்கள்?

குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டிருந்தேன். கணவருக்குச் சாயப்பட்டறையில் ஷிஃப்ட் வேலை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது: வீட்டிலிருந்தே வேலை, தினம் இரண்டு மணி நேரம், பதவி 'பேமென்ட் ப்ராசஸிங் எக்ஸிக்யூட்டிவ்'. பதில் போட்டதும் டெலிகிராமுக்கு வரச் சொன்னார்கள். எச்ஆர் என்று பேசியவர் விளக்கினார். வெளிநாட்டுத் துணி வியாபாரக் கம்பெனியாம். இந்தியாவில் இருக்கிற சின்னச் சின்ன வாடிக்கையாளர்கள் கட்டுகிற பணத்தை நேரடியாக வாங்கினால் நாளாகிறதாம். அதனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் எக்ஸிக்யூட்டிவ் கணக்கில் வாங்கி, அங்கிருந்து வெண்டர்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்களாம். வருகிற தொகையில் 3 சதவீதம் எனக்கு.

விற்பனைப் பணத்தை ஒரு கம்பெனி தனியாள் ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் வாங்காது. கணக்கு வேலை பார்த்த எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஏன் சரி என்றேன் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். வரியை மிச்சம் பிடிக்க ஏதோ செய்கிறார்கள் போல, பெரிய கம்பெனிகள் செய்கிற வேலைதானே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த வலையில் விழுந்த வேறு சிலரோடு பேசியபோது அவர்களும் இதையேதான் சொன்னார்கள். ஏதோ சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதை ஒரு சின்னத் தப்பாக நினைத்துக்கொண்டார்கள். சின்னத் தப்புக்குப் பின்னால் யாரோ ஒருவர் அழுதுகொண்டிருப்பார் என்று தோன்றவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பணம் கேட்டால் மோசடி, ஓடிபி கேட்டால் மோசடி என்று எல்லாரும் நமக்குச் சொல்லிச் சொல்லி அது மனப்பாடம் ஆகிவிட்டது. நானே கேட்டேன், டெபாசிட் ஏதாவது கட்ட வேண்டுமா என்று. "வேண்டாம் மேடம், நாங்கதான் உங்களுக்குக் குடுப்போம்" என்றார்கள். ஓடிபி கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. பணம் கேட்கிறவனைக் கண்டுபிடிக்கத்தான் நாம் பழகியிருக்கிறோம், பணம் கொடுக்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ஆஃபர் லெட்டர் வந்தது. சீல், கையெழுத்து, கம்பெனியின் பதிவு எண் எல்லாம் இருந்தன. அந்த எண்ணை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். கம்பெனி இருந்தது. அதோடு நிம்மதியாகிவிட்டேன். கம்பெனி உண்மைதான், ஆனால் அதற்கும் இந்த ஆட்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பெயரையும் எண்ணையும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. லெட்டர் வந்த மின்னஞ்சல் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்துகொள்கிற முகவரி. கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருக்கிற தொலைபேசி எண்ணுக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கம்பெனி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, கூப்பிடுகிறவர் அந்தக் கம்பெனியின் ஆள்தானா என்று பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை முதல் பணம் வந்தது, 18,000. எனக்கு 540 எடுத்துக்கொண்டு மீதியை அவர்கள் கொடுத்த யுபிஐ ஐடிக்கு அனுப்பினேன். புதன்கிழமை 32,500. வியாழக்கிழமை 47,000. அனுப்பியவர்கள் மூன்று பேரும் தனி ஆட்கள், வெவ்வேறு ஊர்க்காரர்கள் போலப் பெயர்கள். நான் அனுப்பிய மூன்று இடங்களும் தனி ஆட்களின் கணக்குகள்தான். வெண்டர் என்று சொன்னார்களே, ஒரு கடைப் பெயர்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே கட்டளை: பணம் வந்த இருபது நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். ஒருமுறை குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் பதினோரு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த அவசரம் எதற்கு என்று இப்போது தெரியும். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தால், புகார் உடனே வங்கிகளுக்குப் போகிறது. பணம் முதலில் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று தொடர்ந்து பார்த்து, எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்கிறார்கள். அதனால் மோசடிக்காரனுக்குப் பணம் எங்கேயும் நிற்கக் கூடாது. என் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு, அங்கிருந்து மூன்றாக நான்காகப் பிரிந்து, கடைசியில் ஏடிஎம்மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிட வேண்டும். இப்படிப் பொதி சுமக்கிற கணக்குக்கு மியூல் அக்கவுண்ட் என்று பெயர். மியூல் என்றால் கோவேறு கழுதை.

வெள்ளிக்கிழமை ராத்திரி 40,000 வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், நான் போனைப் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். அடுப்பில் பால், இடுப்பில் குழந்தை. போன் மினுக்கியது. கணக்கில் ஒரு ரூபாய் வரவு. முந்தின ராத்திரி 40,000 அனுப்பிய அதே பெயர். பணம் அனுப்பும்போது சின்னதாகக் குறிப்பு எழுத ஓர் இடம் இருக்குமே, அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: 'சார் ப்ளீஸ் ரிட்டர்ன் மை மனி, டாட்டர் ஃபீஸ்'. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது இன்னொரு ஒரு ரூபாய் வந்தது. அதில் 'ப்ளீஸ்' மட்டும்.

என்னோடு பேச அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். என் போன் நம்பர் தெரியாது, ஊர் தெரியாது. என் பெயரும் யுபிஐ ஐடியும்தான் தெரியும். அவரைப் பொறுத்தவரை அவரை ஏமாற்றியது நான். ஹோட்டல்களுக்கு ரேட்டிங் கொடுத்தால் காசு என்று ஆரம்பித்து, முதலில் நூறு இருநூறு கொடுத்து, அப்புறம் பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டச் சொல்லும் மோசடியில் அவர் மாட்டியிருக்கிறார். அவரிடம் கட்டச் சொன்ன கணக்கு என்னுடையது. அவருக்கும் வீட்டிலிருந்தே வேலை, எனக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஒரே ஆட்கள்தான் இரண்டு பேரையும் பிடித்திருக்கிறார்கள்.

பணத்தை உடனே அவருக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. நல்லவேளை, அனுப்பவில்லை. பணம் வந்த கணக்கே இன்னொருவர் ஏமாந்து கொடுத்த கணக்காக இருக்கலாம். அப்படி இருந்தால் நான் திருப்பி அனுப்புவதும் பணத்தை இன்னொரு கை மாற்றிவிட்டதாகத்தான் ஆகும். இப்படி எதுவும் வந்தால் பணத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு வங்கியிடமும் போலீசிடமும் சொல்வதுதான் சரி என்று பின்னால் சைபர் கிரைம் ஸ்டேஷனில் சொன்னார்கள்.

கணவரை எழுப்பிச் சொன்னேன். அவருக்கு வேலை கிடைத்தது மட்டும்தான் தெரியும், என்ன வேலை என்று நான் விவரமாகச் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏம்புள்ள, இத எங்கிட்ட மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். அவ்வளவுதான். உடனே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் நான் மறைக்கத்தான் பார்த்திருப்பேன். வீட்டில் யாராவது இப்படி வந்து சொன்னால், தயவுசெய்து முதல் ஒரு மணி நேரம் திட்டாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் பெரிய காசு.

முதலில் டெலிகிராம் உரையாடல் முழுவதையும், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து உரையாடலை அழித்துவிட முடியும். மதியம் பார்த்தபோது அது அழிந்திருந்தது. அப்புறம் 1930க்குப் போன் செய்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் நடந்ததை எழுதிப் போட்டோம். அது மூன்றாவது சனிக்கிழமை, வங்கி இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் தேதி வாரியாக எந்தத் தொகை எப்போது வந்தது, எங்கே போனது, 40,000 தொடாமல் இருக்கிறது என்று எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வங்கியின் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். கவுண்டரில் இருந்தவர் "மெயில் போட்டா போதுங்க" என்றார். மெயிலும் போட்டேன், சீலும் வேண்டும் என்று நின்று வாங்கினேன். அக்கவுண்ட்ஸ் வேலையில் படித்த பழக்கம் அது. பின்னால் வந்த நான்கு மாதமும் அந்த ஒரு தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

அன்றைக்கு மாலை எச்ஆர் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. கம்பெனிப் பணத்தைத் திருடிவிட்டேன், அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், என் ஆதாரும் பான் கார்டும் அவர்களிடம் இருக்கிறது, என் மேல் கேஸ் போடுவார்களாம். கை நடுங்கியது உண்மை. கணவர் போனை வாங்கி, "போடுங்க, நாங்களும் ஸ்டேஷன்லதான் இருக்கோம்" என்றார். உடனே கட் பண்ணிவிட்டார்கள். மறுபடி கூப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மளிகைக் கடையில் 212 ரூபாய்க்கு ஸ்கேன் செய்தேன். போகவில்லை. மறுபடியும் செய்தேன். கடைக்காரர், "அம்மிணி, பணம் இன்னும் வரலீங்க" என்றார். என் கணக்கு மொத்தமாக முடங்கியிருந்தது. தீபாவளிச் சீட்டு எடுத்துப் போட்டிருந்த 23,400 ரூபாயும் அதில்தான். சாமானைத் திருப்பி வைக்கப் போனேன், "எடுத்துட்டுப் போங்க, அப்பறம் குடுத்துக்கலாம்" என்று பையைக் கையில் கொடுத்துவிட்டார். அந்த வருடம் தீபாவளிக்குக் குழந்தைக்கு மட்டும் துணி எடுத்தோம்.

கணக்கு முடங்கினால் பலர் வங்கியில் போய்ச் சண்டை போடுகிறார்கள். இந்த மாதிரிப் புகார்களில் பெரும்பாலும் வங்கி தானாக முடக்கவுமில்லை, தானாக விடுவிக்கவும் முடியாது. போலீஸ் சொல்லித்தான் முடக்கியிருப்பார்கள். வங்கியில் கேட்டு வாங்க வேண்டியது நான்கு விஷயம்தான்: புகார் எண், எந்த மாநிலத்தில் எந்த ஸ்டேஷன், விசாரணை அதிகாரியின் தொடர்பு, புகாரில் உள்ள தொகை எவ்வளவு. இது கையில் இருந்தால்தான் யாருக்கு எழுதுவது என்றே தெரியும். என் விஷயத்தில் அது மகாராஷ்டிராவில் ஒரு ஸ்டேஷன். முழுக் கணக்கையும் முடக்காமல் புகாரில் உள்ள தொகையை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம். தொகை இவ்வளவு என்று குறிப்பிடாமல் கணக்கையே முடக்கி வைப்பது சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது என்று எங்கள் வக்கீல் எடுத்துக் காட்டினார். அதைக் குறிப்பிட்டுத்தான் கடிதம் எழுதினோம்.

நோட்டீஸும் வந்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம், பிரிவு 179. கையில் வாங்கியபோது ஜெயில்தான் என்று நினைத்துவிட்டேன். வக்கீல் பொறுமையாகச் சொன்னார்: 179 என்றால் விவரம் தெரிந்தவர் என்ற முறையில் கூப்பிடுவது, 35(3) என்றால் குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுகிறவர் என்ற முறையில் கூப்பிடுவது. நோட்டீஸில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 179இல் கூப்பிட்டால் பெண்களை அவர்கள் வசிக்கிற இடத்தை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறதாம். அதனால் மகாராஷ்டிராவுக்குப் போகவில்லை, இங்கேயே வாக்குமூலம் கொடுத்தேன். நானே முன்வந்து புகார் கொடுத்ததும், சீல் போட்ட தாளும்தான் 179ஓடு நின்றதற்குக் காரணம் என்பது வக்கீலின் எண்ணம்.

வாக்குமூலம் வாங்கிய பெண் எஸ்ஐ கடைசியில் பேனாவை மூடிவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தெரியாமப் பண்ணிட்டேன்னு எல்லாரும்தாம்மா சொல்றாங்க. அதை நீங்கதான் நிரூபிக்கணும். அக்கவுண்ட் உங்களுது." ஏமாற்றுதலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 318, ஆள்மாறாட்டம் செய்து ஆன்லைனில் ஏமாற்றியதற்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி, இரண்டும் கணக்கு கொடுத்தவர் மேலும் பாயலாம். தெரிந்தே செய்தார் என்று தெரிய வந்தால் கைது வரை போகிறது. 2,925 ரூபாய், நான் வாங்கிய மொத்த கமிஷன், அதற்கு இவ்வளவும்.

இந்த வேலை எப்போதும் வேலை என்ற பெயரில்தான் வரும் என்றில்லை. எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பியிடம், கரண்ட் அக்கவுண்ட் ஒன்று திறந்து பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுத்தால் பத்தாயிரம் என்று சீனியர் ஒருவர் கேட்டிருக்கிறார். என் கதை அவனுக்குத் தெரியும் என்பதால் நேராக என்னிடம் வந்தான். இன்னொரு அம்மாவிடம் கேமிங் ஆப்பில் ஜெயித்த பணம் என்று சொல்லியிருக்கிறார்கள். வேறொருவரிடம் கிரிப்டோ வாங்கி விற்கும் வியாபாரம் என்று சொல்லி, வருகிற ஓடிபி தானாகவே அவர்களுக்குப் போகும்படி ஒரு ஆப்பை போனில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். கதை மாறும். யாரோ ஒருவருடைய பணம் உன் கணக்கில் வந்து வேறொருவருக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மாறாது. அதைக் கேட்ட இடத்திலேயே நிறுத்திவிடலாம், மேலே ஆராயவே வேண்டாம். பணத்தை வாங்கி அனுப்புவதற்குத்தான் வங்கியும் பேமென்ட் கேட்வேயும் இருக்கின்றன. அவற்றுக்கு ஆகிற செலவு பெரும்பாலும் நூற்றுக்கு மூன்று ரூபாயை விடக் குறைவு. அதை விட்டுவிட்டு முன்பின் தெரியாத எனக்கு மூன்று ரூபாய் கொடுத்தார்கள் என்றால், அது என் பெயரில் கேஸ் வருவதற்கான கூலி.

சிங்கப்பூரில் இருக்கிற என் பெரியம்மா மகன் இதைக் கேட்டுவிட்டு, அங்கே கணக்கையோ, சிங்பாஸ் என்ற அரசின் டிஜிட்டல் அடையாளத்தையோ அடுத்தவரிடம் கொடுத்தாலே குற்றமாகிவிடலாம், 2024இல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள் என்றான். இங்கேயும் அந்த வருடக் கடைசியில் இப்படிப்பட்ட கணக்குகளைக் கண்டுபிடிக்கிற மியூல்ஹன்டர் என்ற மென்பொருளைப் பற்றி ரிசர்வ் வங்கி அறிவித்தது. நல்லதுதான். ஆனால் என் கணக்கில் அந்த வாரத்துக்கு முன்னால் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஒழுங்கான, எட்டு வருடப் பழைய சம்பளக் கணக்கு. அதனால்தான் அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது.

பிப்ரவரியில் கணக்கு விடுபட்டது. அதற்குள் 18,000 அனுப்பியவரும் வேறொரு மாநிலத்தில் புகார் கொடுத்திருந்ததால், அந்தத் தொகைக்குச் சீட்டுப் பணத்திலிருந்தே பிடித்தம் வைத்தார்கள். நான் செலவழித்த பணம் இல்லைதான். ஆனால் என் கணக்கு வழியாகப் போன பணம். திருப்பிக் கொடுக்க எனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். கணவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 40,000 நீதிமன்ற உத்தரவு வந்து மார்ச்சில் உரியவருக்குப் போய்ச் சேர்ந்தது. எஸ்ஐ போன் செய்து சொன்னபோது நான் கேட்டது ஒன்றுதான், அவர் மகளுக்கு ஃபீஸ் கட்டிவிட்டார்களா என்று. அது அவருக்குத் தெரியவில்லை.

32,500 அனுப்பியவரும் 47,000 அனுப்பியவரும் இன்றுவரை புகார் கொடுத்ததாகத் தகவல் இல்லை. அவர்கள் பெயரை நானே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாஸ்புக்கைப் போன வாரம் பதிந்து வாங்கினேன். 40,000 வந்த வரியும் போன வரியும் இருக்கின்றன. நடுவில், ஒன்றின் கீழ் ஒன்றாக, அந்த இரண்டு ஒரு ரூபாய்.